யாராவது டீ கொண்டு வரவும்

மேகம் ஜன்னல் வழியே வந்து மேஜைகளுக்கு நடுவே உலவிவிட்டுப் போகும் மலைமேல் தேயிலைக் கம்பெனி ஒன்று. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் குழலி. மேனேஜர் தணிகாசலம் எந்த வேலையானாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மெயில் தட்டுவார்: "யாராவது பார்க்கவும்."

ஒருநாள் முதலாளியின் கார் பாதி மலையில் நின்றுவிட்டது. ஜீப் எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. தொப்பலாக நனைந்து, மூடுபனிக்குள்ளிருந்து கனவில் வருகிறவர் போல வந்து நின்றார் அவர்.

மேனேஜர் குழலிமேல் பாய்ந்தார். "யாராவது போங்கன்னு மெயில் போட்டேனே! அந்த யாராவது யாருன்னு இப்பவே சொல்லு. இல்லேன்னா உன் வேலை போச்சு."

"சொல்றேன் சார். முதல்ல ஐயாவுக்கு டீ சொல்லிடறேன்" என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள் குழலி.

மேகம் வந்தது, போனது. டீ வரவில்லை.

"டீ எங்கே?" என்று கத்தினார் மேனேஜர்.

"யாராவது டீ கொண்டு வரவும்னு எல்லாருக்கும் மெயில் போட்டேனே சார்."

முதலாளி சிரித்துவிட்டார். "நீயே சரியா எழுதும்மா."

குழலி எழுதினாள்: 'கேன்டீன் பவளம் அக்காவுக்கு. முதலாளிக்கு ஒரு டீ, சூடாக, உடனே, மேனேஜர் அறைக்கு.'

ஆவி பறக்க வந்து சேர்ந்தது டீ.

"எனக்கு?" என்றார் மேனேஜர்.

"மெயில்ல உங்க பேரு இல்லையே சார்" என்றாள் பவளம்.