இரண்டு விரல் ஈரம்

செப்டம்பர் 14, காலை ஆறே கால். டிராக்டரில் மூன்று மூட்டை விதைநெல். சவரியம்மாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார் இருளப்பன்.

“விதைக்கவா தாயி? ஒரு வார்த்தை சொல்லு.”

முதல் நாள் மாலை மழை பெய்திருந்தது. வானம் பார்த்த பூமி. ஊரே விதைக்கக் கிளம்பிவிட்டது.

இருளப்பனுக்கு வயது அறுபத்தொன்று. ஆடியில் அவர் விதைத்தது முளைத்துக் கருகிவிட்டது. வண்டியில் இருப்பதுதான் மிச்சம். இதுவும் போனால் வருஷம் முழுக்க வீட்டில் நெல் இல்லை.

சவரியம்மாளுக்கு முப்பத்தாறு. போன வருஷம் ஊரில் கதிர் அறுத்தவள் அவள் ஒருத்திதான்.

“என்னையவா கேக்குறீங்க, பெரியப்பு?”

“மழை தொடருமா?”

“தெரியாது.”

சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினாள்.

வயலில் இறங்கியதும் மண்வெட்டியை அவரிடம் நீட்டினாள்.

“தோண்டுங்க.”

பக்கத்து வயலில் விதை வீசிக்கொண்டிருந்த பூவலிங்கம் கத்தினான்: “என்ன மாமா, புதையலா? ஈரம் காயுறதுக்குள்ள வீசுங்க!”

இருளப்பன் முழங்கை ஆழம் தோண்டினார்.

மேலே இரண்டு விரல் ஈரம். அதற்குக் கீழே புழுதி.

அவருக்கு எரிச்சல் வந்தது. “நாப்பது வருஷமா வானத்தப் பாத்துத்தான் விதைச்சேன்.”

“வானத்துக்கும் பட்டா வாங்கி வச்சிருக்கீங்களா?”

கிழக்கே இடி உருண்டது.

“கேட்டியா? இன்னைக்கே ஊத்துச்சுன்னா?”

“ஊரக் கூட்டி என்னையத் திட்டுங்க.”

“நீதான் ஒண்ணுமே சொல்லலையே!”

“சொல்லலைல?”

வரப்பில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தாள். மண்வெட்டி அவர் கையிலேயே இருந்தது.

டிரைவர் ஹார்ன் அடித்தான். “பெரியவரே, அடுத்த ஆளு காத்துக் கிடக்காரு. உழவா, இல்லையா?”

மறுபடி இடித்தது. இருளப்பன் அண்ணாந்து பார்க்கப் போனார். பாதியில் தலையைக் குனிந்துகொண்டார். குழிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். விரல் இடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

“மூட்டைய வீட்டுல இறக்கு.”

பூவலிங்கம் சிரித்தான்.

அன்று நாலு தூறல். அந்த மாதக் கடைசியில் பூவலிங்கம் வயலில் முளைத்ததெல்லாம் சருகாகிவிட்டது.

அக்டோபர் 21. மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்தது. இருளப்பன் தன் ஐந்து வயலிலும் தோண்டிப் பார்த்தார். அடிவரை ஈரம் இறங்கியிருந்த மூன்றில் விதைத்தார்.