வரிசையில் நின்ற செருப்புகள்

முதலில் தப்பு செய்தவர் முத்திரை ராயர்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ராயர் மகள் கல்யாணத்தில் வெள்ளியம்பலம் முதல் பந்தியில்தான் உட்கார்ந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்தாகிவிட்டது. அப்போது ராயர் வந்து தோளைத் தட்டினார்.

"ஓய், கொஞ்சம் எழுந்திரும். சம்பந்தி வீட்டார் உட்காரணும். அடுத்த பந்தியில் பார்த்துக்கலாம்."

அடுத்த பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. ரசம் வந்தது. அதற்கப்புறம் மறுபடியும் ரசம் வந்தது. செண்பகராஜாவின் சபையிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய மனுஷனுக்கு, ரசத்தின் மேல் ரசம். ராயர் மறந்துவிட்டார். வெள்ளியம்பலம் மறக்கவில்லை.

அந்த நாட்டில் கணவாயைத் தாண்டி அயலூர் போக வேண்டுமென்றால் கடவுச்சீட்டு வேண்டும். ஓலை நறுக்கில் அரக்கு முத்திரை. அதற்கு ராயர்தான் அதிகாரி. சட்டமும் அவர் போட்டதுதான். வாங்குகிறவன் நேரில் வந்து சன்னலுக்கு வெளியே நின்று கைநீட்ட வேண்டும். முத்திரை ராயர் கையால் மட்டுமே விழ வேண்டும்.

ஒரு தை மாதம் ராஜாவின் பல்லக்கு அந்தச் சன்னல் வரிசையில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"எதுக்கய்யா இவ்வளவு கூட்டம்?" என்றார் ராஜா.

"தை பிறந்தால் கல்யாணம், காவடி, சம்பந்தி விருந்து. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஊருக்குப் போகணும், மகாராஜா. மார்கழியில் ஈ காக்கை வராது. நான் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறேன்" என்றார் ராயர்.

"அடுத்த தை முதல் நாள் இந்த வாசலில் வரிசை இருக்கக் கூடாது. யாரையும் விரட்டவும் கூடாது."

ராயர் மெல்லத் திரும்பி, பல்லக்கோடு வந்திருந்த வெள்ளியம்பலத்தைப் பார்த்தார். "இதுக்கெல்லாம் நம்ம வெள்ளியம்பலம்தான் சரி. முடியாவிட்டால் பெரிய தண்டனை எதுவும் வேண்டாம். அரண்மனை விருந்தில் ஆயுசுக்கும் கடைசிப் பந்தியில் உட்காரட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா.

மார்கழி வந்தது. 'இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், காத்திருக்க வேண்டாம்' என்று வெள்ளியம்பலம் தெருத்தெருவாகப் பறை அறைவித்தார். ஒருவரும் வரவில்லை. எதிரே முறுக்கு விற்ற பொன்னுருவிதான் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆளில்லாத கடையில் எவன் சாமி சரக்கு வாங்குவான்? ஊசிப்போனதுன்னு நினைச்சுட்டுப் போவான்."

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நிற்கச் சோம்பல் வந்தால் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். செருப்பு நின்றால் ஆள் நின்ற மாதிரி. மறுநாள் காலையில் வெள்ளியம்பலம் அரண்மனைக் காவலர்களின் செருப்பையெல்லாம் கேட்டு வாங்கி, சன்னலிலிருந்து வரிசையாக அடுக்கினார். காவலர்கள் வெறுங்காலோடு காவல் காத்தார்கள்.

வண்டிக்கார ஒச்சப்பன் வந்தான். "என்ன வரிசைங்க இது?"

"கடவுச்சீட்டு. உனக்கு வேண்டாம். இது முக்கியமானவங்க வரிசை. நீ தையில் வா."

"ஏன், நான் முக்கியமில்லையா?" என்று செருப்பைக் கழற்றிக் கடைசியில் வைத்தான் ஒச்சப்பன்.

பின்னாலேயே ஒரு அம்மாள் வந்து தயங்கினாள். "மார்கழியில் நல்ல காரியம் தொடங்கலாமா, ஐயா?"

"ஊருக்குப் போறது நல்ல காரியம். அதைத் தையில் செய்யுங்க. வரிசையில் நிக்கிறது என்னைக்கம்மா நல்ல காரியமாச்சு?"

அம்மாள் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. செருப்பில்லாததால் குடத்தை வைத்தாள்.

உச்சி வேளைக்குள் வரிசை தெப்பக்குளத்தைத் தொட்டது. பாதிப் பேருக்கு அயலூரில் சொந்தக்காரர்களே கிடையாது. மார்கழி முழுக்க முத்திரை குத்தி ராயரின் கை பூசணிக்காயாக வீங்கியது.

தை முதல் நாள் ராஜா வந்தார். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு யாருமில்லை. வெள்ளியம்பலம் மீசையைத் தடவினார்.

அந்நேரம் ராயர் உள்ளேயிருந்து வந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, சன்னல் முன்னால் நின்றார். "இதோ வரிசை, மகாராஜா. மகளுக்கு வளைகாப்பு. எனக்கும் கடவுச்சீட்டு வேண்டும்."

"ஒரு ஆள் வரிசையா?"

"ஒருத்தன் காத்திருந்தாலும் காத்திருப்புதானே, மகாராஜா."

ராஜா வெள்ளியம்பலத்தைப் பார்த்தார். வெள்ளியம்பலத்தின் மூக்கில் ரச வாடை அடித்தது.

"ராயர் சொல்றது சரிதான்" என்றார் வெள்ளியம்பலம். "உடனே கொடுத்து அனுப்பிடலாம். முத்திரை யார் கையால் விழணும், ராயரே?"

"என் கையால். அதுதானே சட்டம்?"

"அப்ப உள்ளே போய் உட்காருங்க."

ராயர் உள்ளே போய் உட்கார்ந்து அரக்கை உருக்கினார்.

"மகாராஜா, இப்ப வரிசை இருக்கா?"

"இல்லை."

"ராயரே, சீட்டைக் கொடுங்க."

"யாரிடம் கொடுக்க? வாங்குகிறவன் வெளியே நிற்கணுமே" என்று ராயர் எழுந்து வெளியே ஓடிவந்து கையை நீட்டினார். சன்னலுக்குள் ஆளில்லை. திரும்ப உள்ளே ஓடினார். அரக்கு இறுகிப்போயிருந்தது. உருக்கினார். வெளியே ஓடிவந்தார். நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

"பாருங்க, மகாராஜா" என்றார் வெள்ளியம்பலம். "இவர் உள்ளே இருந்தால் வரிசை இல்லை. வெளியே வந்தால் அலுவலகமே இல்லை. அலுவலகமே இல்லாத இடத்தில் வரிசை ஏது?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் வந்து நின்றது. முத்திரையை வாங்கித் தாமே ராயரின் ஓலையில் குத்தினார். "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"முதல் பந்தியில் ஒரு இலை. பாயசம் ராயர் கையால் ஊத்தணும்."

அன்றே விருந்து. விருந்தாளிகள் செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள். தெருவில் போன ஒச்சப்பன் அதைப் பார்த்தான். மார்கழிப் பழக்கம் விடுமா? தன் செருப்பையும் கடைசியில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து ஊரே வந்தது.

ராயர் பாயச வாளியோடு வந்தார். வேண்டுமென்றே பந்தியின் மறுகோடியிலிருந்து ஆரம்பித்தார். இலை இலையாக ஊற்றிக்கொண்டு வந்து வெள்ளியம்பலத்தின் எதிரே குனிந்தார். கரண்டி வாளியின் அடியில் டங்கென்று இடித்தது.

"தீர்ந்துபோச்சு, ஓய்" என்றார் ராயர். "ரசம் ஊத்தச் சொல்லட்டுமா?"

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். வெள்ளியம்பலம் சிரிக்கவில்லை. அந்த ஒரு கரண்டிப் பாயசம் இன்றுவரை பாக்கி.