குடுவைக்குள் கேட்ட கடல்

அந்தக் காலத்தில், பூச்சிகளும் மனிதர்களும் ஒரே மொழியில் வம்பளந்துகொண்டிருந்தபோது, கடல் பின்வாங்கிப்போன ஓர் ஊர் இருந்தது. அலை புரண்ட இடங்களில் உடைமரங்கள் முளைத்துவிட்டன. அவ்வூரில் மண்ணைத் தோண்டிப் பழஞ்சிப்பிகளை எடுத்து, சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்தவள் வெயிலுகந்தாள். சிறுமியாக இருந்தபோது அலையோசையைக் கேட்டுக்கொண்டே உறங்கியவள் அவள். இப்போது அந்த ஓசையை நினைத்துப் பார்க்க முயன்றால், சுண்ணாம்புக் காளவாயின் இரைச்சல்தான் காதில் வந்து நின்றது.

ஒருநாள் சிப்பிக் குவியலின் அடியில், ஈரச் சருகுக்குள், சாம்பல் நிறப் பூச்சி ஒன்றைக் கண்டாள். உளுந்தளவு உடல், முதுகில் அடுக்கடுக்காக ஓடுகள். அந்நாளில் அதற்குச் சுருளத் தெரியாது, பேசத்தான் தெரியும்.

“மெதுவா எடு தாயி! நான் இறாலுக்குச் சொந்தக்காரி. எங்க வம்சம் கடல்ல இருந்து ஏறி வந்ததாக்கும்.”

“உளுந்து அளவுக்கு இருந்துக்கிட்டு வம்சப் பெருமையைப் பாரு!” என்று சிரித்தாள் வெயிலுகந்தாள். ஆனாலும் ‘கடல்’ என்ற சொல் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

முன்பு அலை கொண்டுவந்து ஒதுக்கிய கண்ணாடிக் குடுவை ஒன்று அவளிடம் இருந்தது. அதில் தேங்காய்நார்த் தூளைப் பரப்பி, சருகுகளை இட்டு, பூச்சியைக் குடிவைத்தாள். அது சருகைத் தின்றது, சிப்பித்துண்டைக் கொறித்தது, மிச்ச நேரமெல்லாம் கடலைப் பற்றிப் பேசியது. மீன்கூட்டம் கடந்தால் தரையில் ஓடும் நிழலையும், அலை திரும்பும்போது மணல் கூசிச் சிரிப்பதையும் தன் முன்னோர் சொன்னபடியே சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்து அவள் காளவாயை அணையவிட்ட நாள்களும் உண்டு.

பிறகு பூச்சியின் வயிற்றுப்பையில் முட்டைகள் திரண்டன. அதன் பேச்சுக் குறைந்தது, பெருமூச்சு மிகுந்தது.

“எம் பிள்ளைகளும் அந்தத் தண்ணியைப் பாக்காமலே பிறக்குமே, தாயி.”

வெயிலுகந்தாளுக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டில் சேர்ப்பதுதானே அவ்வூர் வழக்கம்? குடத்தை எடுத்துக்கொண்டு, உடைமரக் காட்டைக் கடந்து, தொலைவிலிருந்த கடலுக்கு நடந்தாள். முழங்கால் நனைய நின்று கண்கலங்கினாள். குடத்தை நிறைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஏட்டி, நீ போகவேண்டாம். உன் பிறந்த வீட்டையே கொண்டாந்துட்டேன்!” என்று குடுவைக்குள் ஊற்றினாள்.

சருகுகள் மிதந்தன. பூச்சி மூச்சுத் திணறித் தத்தளித்தது.

“ஐயோ தாயி! நான் கடலை நினைச்சேன், கடலைக் கேக்கலியே!”

அவ்வளவுதான். தன் வயிற்றுப் பிள்ளைகளைக் காக்க, தலையையும் வாலையும் ஒன்றாகச் சேர்த்து, முதன்முறையாக உருண்டையாகிக் கீழே அமிழ்ந்தது.

வெயிலுகந்தாள் பதறிப்போய்க் குடுவையைச் சுளகில் கவிழ்த்தாள். உருண்டையை எடுத்து நல்ல தண்ணீரில் அலசினாள். குடுவையைக் கழுவித் துடைத்துப் புதிய நார்த் தூளும் சருகும் இட்டாள். நீர் தெளிக்கும்போது, அஞ்சிய அவள் கை குடுவையின் ஒரு பாதியோடு நின்றுவிட்டது. உலர்ந்த மறுபாதியில் உருண்டையை வைத்துவிட்டு, “கண்ணைத் திற ஏட்டி, என் தங்கமே” என்று கெஞ்சியபடி காத்திருந்தாள்.

வெயில் சாயும்போது உருண்டை மெல்லப் பிரிந்தது. பூச்சி தள்ளாடி நடந்து, ஈரமும் உலர்வும் கூடும் இடத்தில் நின்றது. அதன் வயிற்றுப்பையிலிருந்து அரிசிக் குருணை போன்ற வெள்ளைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பைக்குள் ஒரு துளி நீர் மின்னியது. தனக்கு வேண்டிய கடலை அது எப்போதும் வயிற்றிலேயே சுமந்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“ஒரு வார்த்தை பேசேன், ஏட்டி.”

பூச்சி பேசவில்லை. அவள் விரலால் தொட்டாள், அது சுருண்டுகொண்டது. ஏங்கிப்போய்க் குடுவையின் வாயில் காதை வைத்தாள். உள்ளே, வெகு தொலைவில், அலை ஒன்று வந்து திரும்பும் ஓசை கேட்டது.

அன்று முதல்தான் உருண்டைப்பூச்சி ஊமையாகி, தொட்டால் சுருண்டுகொள்கிறது. அதை ஆசையாய் வளர்ப்பவர்களும் கண்ணாடிப் பெட்டியின் ஒரு பாதியை ஈரமாகவும் மறுபாதியை உலர்வாகவும் வைத்து, சருகுகளுக்கிடையே பிறந்த வீட்டு நினைவாக ஒரு சிப்பித்துண்டை இடுகிறார்கள்.