போய் வருகிறேன்

மிளகு வணிகன் வைரவனின் கப்பல் புயலில் உடைந்தது. அவன் பவழத்தீவில் ஒதுங்கினான். கெலோ என்ற முதிய மீனவர் அவனைத் தம் குடிசைக்குத் தூக்கிச் சென்று, காய்ச்சல் தணியும்வரை மகனைப் போலப் பார்த்துக்கொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இடையில் நின்று பேசியவன் நீலன். தாய் தீவுக்காரி, தந்தை தமிழர். இரண்டு கரையிலும் வளர்ந்தவன்.

ஊருக்குப் போகும் படகு வந்த அன்று வைரவன் கெலோவின் கைகளைப் பற்றிக்கொண்டு, "போய் வருகிறேன் ஐயா" என்றான். வெறுமனே "போகிறேன்" என்று சொல்ல அவனுக்கு நா எழாது. அப்படிச் சொல்வது அபசகுனம் என்றுதான் நாம் எல்லாருமே வளர்கிறோம். நீலன் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னான்.

தீவில் கிளம்புகிறவன் "போகிறேன்" என்று சொல்லித் திரும்பிப் பாராமல் போவான். "வருகிறேன்" என்பது அங்கே சத்தியம். சொன்னவன் வந்து சேரும்வரை, இடம் கொடுத்தவர் வீட்டை விட்டு அகலக் கூடாது.

கெலோவின் முகம் மாறிற்று. "எப்போது வருவாய்?"

வழியனுப்புகிறவர்கள் நம் ஊரிலும் இப்படிக் கேட்பதுண்டு. வைரவன் சிரித்துக்கொண்டே, "சீக்கிரமே" என்றான். அதையும் நீலன் அப்படியே சொன்னான்.

அடுத்த ஆண்டு, தீவுக்காரர்களின் படகுகள் வைரவனின் துறைக்கு வந்து நின்றன. கடல் பொங்கித் தீவையே மூடிவிட்டதாம். கூட்டத்தில் கெலோவின் மகள் மீருவைக் கண்டதும் வைரவன், தன்னோடு அதே படகில் வந்து துறையில் தங்கிவிட்ட நீலனை இழுத்துக்கொண்டு ஓடினான்.

"அப்பா எங்கே அம்மா?"

மீரு அவனை வெறித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். வைரவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நீலன் அதைத் தமிழில் சொன்னான்.

"படகில் ஏறும்படி எல்லாரும் கெஞ்சினார்களாம். 'வருகிறேன் என்றவன் வந்து பார்க்கும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா' என்று உட்கார்ந்துவிட்டாராம்."

"அது... நாங்கள் சும்மா சொல்வது" என்றான் வைரவன். இதை எப்படிச் சொல்வது என்று நீலனுக்குத் தெரியவில்லை.

வழக்கு ஊர்ச்சபைக்குப் போயிற்று. "நான் சொன்னது விடைபெறும் சொல், அவ்வளவுதான்" என்றான் வைரவன். "நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அல்லவா குற்றம்?" என்றான் நீலன். சபையில் ஒருவர், "தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகும் எழாதது கெலோவின் பிடிவாதம்தானே?" என்று கேட்டார்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: கெலோவின் சாவுக்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: நீலன். கெலோ தம் மொழியில் காதில் விழுந்ததை நம்பினார். வைரவன் தன் மொழியில் எல்லாரும் சொல்வதைச் சொன்னான். அந்தச் சொல் ஒரு கரையில் எவ்வளவு இலேசு, மறு கரையில் எவ்வளவு கனம் என்று அறிந்தவன் நீலன் ஒருவனே. "இது அவர்கள் ஊர் வழக்கம்" என்று அவன் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். சபையும் அப்படியே தீர்ப்பளித்து வைரவனை விடுவித்தது. ஆனால் அதன் பிறகு எங்கே கிளம்பினாலும் வைரவன் ஒன்றுமே சொல்லாமல் வாசல் இறங்கினான். ஒவ்வொரு முறையும் அவன் மனைவி நடுங்கிப் போனாள்.