ஆளில்லாத தண்ணீர்ப் பந்தல்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது.

"லாபம் பார்க்கும் வியாபாரிகள் ஊருக்கும் ஏதாவது செய்யட்டும். யார் தருமம் பெரியதோ, அவருக்கு என் முத்துமாலை!"

சாயப்பட்டறை முதலாளி கனகநிதி முந்திக்கொண்டார். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பானைக்குப் பானை தன் பெயரை எழுதிவைத்தார். அவர் கொடுத்த பட்டாடையை உடுத்திக்கொண்டு மந்திரி விருத்தகிரி சபையில் உருகினார்.

"இதற்கு ஈடான தருமம் உண்டா, மகாராஜா!"

விகடகவி மாறாண்டி களுக்கென்று சிரித்துவிட்டான். மந்திரி இதற்காகத்தானே காத்திருந்தார்?

"சிரிப்பவர் இதைவிடப் பெரிய தருமம் செய்து காட்டட்டும். அதுவும் காசு செலவில்லாமல்! முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"என்ன சொல்கிறீர், மாறாண்டி?" என்றார் ராஜா.

"உத்தரவு, மகாராஜா. ஒரு மண்வெட்டி வேண்டும். அது எங்கே இறங்கினாலும் யாரும் தடுக்கக் கூடாது."

"தந்தோம்."

சில நாள் கழித்து ராஜா மந்திரியையும் மாறாண்டியையும் கூட்டிக்கொண்டு பரிவாரத்தோடு பந்தலைப் பார்க்கப் போனார். பானைகள் நிறைந்திருந்தன. குடிக்கத்தான் ஆளில்லை. பெண்கள் எல்லாரும் ஆற்றில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

"ஏனம்மா, பந்தல் தண்ணீர் பிடிக்கவில்லையா?"

செம்பாயி என்பவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள். "ஆறு நீலமா ஓடுனப்ப வேற வழியில்லாம வரிசையில நின்னோம், சாமி. இப்பதான் தெளிஞ்சிருச்சே! இனி எதுக்கு அது?"

அந்த நேரம் பார்த்துக் கனகநிதி ஓடிவந்தார். இடுப்புவரை நீலம்.

"மகாராஜா! என் பட்டறையிலிருந்து ஆற்றுக்குப் போகிற வாய்க்காலை இந்த ஆள் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டான்! சாயக் கழிவெல்லாம் என் வீட்டுக்குள்ளே நிற்கிறது!"

"உம்முடையதுதானே, உம்மிடமே இருக்கட்டும்" என்றான் மாறாண்டி. "மகாராஜா, அவர் ஊருக்குப் பானை கொடுத்தார். நான் ஓர் ஆற்றையே கொடுத்தேன். செலவு ஒன்றுமில்லை."

"அது ஏற்கெனவே அவர்களுடைய ஆறுதானே!" என்று மந்திரி பாய்ந்தார்.

"அப்படிச் சொல்லுங்கள், மந்திரியாரே! இத்தனை நாள் அது உங்களுக்குத் தோன்றவே இல்லையே!"

செம்பாயி குடத்தைச் சாய்த்தாள். ராஜா இரு கையும் ஏந்திக் குடித்தார். மீசையிலிருந்து சொட்டச் சொட்டச் சிரித்தார்.

"கனகநிதி, உம் நிலத்திலேயே குழி வெட்டிக் கழிவைத் தேக்கும். அதன் பிறகு தருமம் செய்ய வாரும்!"

முத்துமாலை மாறாண்டி கழுத்தில் விழுந்தது. கரையில் நின்ற பெண்கள் போட்ட குலவையில் மந்திரி ஏறியிருந்த குதிரை மிரண்டு, அவரை ஆற்றிலேயே இறக்கிவிட்டது. நல்லவேளை, தண்ணீர் சுத்தமாக இருந்தது.