கருங்கல்லுக்கு அடியில் இருந்தவன்

ஒரு தெருவில் ஒரு சாக்கடை குடியிருந்தான். கூச்ச சுபாவி. வாயைத் திறந்தால் நாறும் என்று பலரும் சொல்லிச் சொல்லி, பேசாமல் இருப்பதுதான் தனக்கு மரியாதை என்று முடிவு செய்திருந்தான். வீட்டுக்கு வீடு அவன்மேல் கருங்கல் பலகை போட்டு, வண்டி ஏறச் சரிவு கட்டி, ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டியும் வைத்துவிட்டார்கள். அவன் இருப்பதே தெருவுக்கு மறந்துபோயிற்று.

தெருமுனையில், இடித்துப்போட்ட அரிசி ஆலை மனையில், ஒருநாள் ஒரு பெரிய பலகை வந்து நின்றது. அதில் பதினான்கு மாடிக் கட்டடத்தின் படம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அந்தப் படம் எல்லோரையும் பார்த்துப் பணிவாகச் சிரித்தது.

மனிதர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த மதியத்தில் தெருச் சாமான்கள் கூடிப் பேசின. டிரான்ஸ்பார்மர்தான் தலைமை. சித்திரை மாதத்து ஏசிகளுக்கே தனக்கு நெஞ்சு அடைக்கிறது என்றார் அவர். குடிநீர்க் குழாய் தன் பங்குக்கு அழுதாள். வெயில் போய்விட்டால் எங்கள் துணிகளை யார் காயவைப்பது என்று மொட்டைமாடிக் கொடிகள் சண்டைக்கு வந்தன.

படம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கி, "எனக்கும் ஒரு பயம் இருக்குங்க. என் வீட்டுத் தண்ணியெல்லாம் குளிச்சு, துவைச்சு எங்கே போகும்? என்னை வரைஞ்சவர் அதை மட்டும் வரையலை" என்றது.

டிரான்ஸ்பார்மர் உறுமினார். "அதுக்குன்னு நம்மாளு ஒருத்தன் இருந்தானே. உயிரோட இருக்கானா?"

"இருக்கேங்க" என்றது கல்லுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

இத்தனை காலத்தில் அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டது இந்தப் புது ஆள்தான். வா என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. நம்மையும் ஒருவன் நம்புகிறானே, இல்லை என்பது நியாயமா? ஆமாம் என்று ஏமாற்றுவது மட்டும் நியாயமா? வெகுநேரம் தனக்குள்ளேயே புரண்டான்.

"நாலு மாடின்னா சமாளிப்பேன் தம்பி. அதுக்கு மேலன்னா முதல் மழையிலேயே நான் எல்லார் வீட்டுக் கூடத்துக்கும் வந்துடுவேன். அப்படி வர எனக்கே வெட்கமா இருக்கு."

தெருக்காரர்களும் கட்டடத்துக்கு எதிராக நகராட்சிக்குக் கொடுத்த ஆட்சேபத்தில் அதையேதான் சொல்லியிருந்தார்கள். விசாரிக்க ஒரு பொறியாளர் வந்தார். சாக்கடை போதாது என்கிறீர்களே, எங்கே அது, காட்டுங்கள் என்றார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம் அங்கும் இங்கும் பார்த்தார். எந்த இடத்தைக் காட்டினாலும் அது யாரோ ஒருவர் கட்டிய சரிவு. எங்கள் வாசலை உடைக்காதீர்கள், எதிர்வீட்டில் பாருங்கள் என்றார்கள் வீட்டுக்காரர்கள். எதிர்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டைக் காட்டினார். தணிகாசலமும் தன் வாசல் கருங்கல்மேல் காலை அகட்டி நின்றுகொண்டார். கண்ணால் பார்க்காததைப் போதாது என்று எழுத முடியாது எனச் சொல்லிவிட்டுப் பொறியாளர் தன் வண்டியை நோக்கி நடந்தார்.

காலடிச் சத்தம் விலகுவது சாக்கடைக்குக் கேட்டது. தலைக்கு மேல், தணிகாசலம் நின்றிருந்த கருங்கல்லை மெல்லக் கூப்பிட்டான்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடேன்."

"நான் போயிட்டா இவர் கார் எப்படிடா உள்ளே ஏறும்? என் கௌரவமே அதுதானே" என்றது கல்.

"சரிண்ணே" என்றான் அவன். அதற்கு மேல் கெஞ்சத் தெரியவில்லை.

அந்தச் 'சரிண்ணே' கல்லை உறுத்தியது. பிறகு, "உன்னோட ஈரத்துலதான்டா இத்தனை கோடையும் நான் வெடிக்காம இருந்தேன்" என்றது. சொல்லிவிட்டு, நடுவில் இரண்டாகப் பிளந்தது.

தணிகாசலத்தின் வலது கால் உள்ளே போயிற்று. சாக்கடை அவருக்கு ஒரு சிராய்ப்பும் படாமல் தாங்கிக்கொண்டான். சனங்கள் ஓடிவந்தார்கள். பொறியாளரும் திரும்பி வந்து கையை நீட்டினார்.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். கருப்புத் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.

"கால் இப்படியே இருக்கட்டும் சார். முதல்ல அளவு எடுத்துக்குங்க. சாக்கடை ஆழம் முட்டி வரைக்கும்கூட வரலை பாருங்க."