வெள்ளம் வருது

அணைக்கட்டு மின்நிலையத்தின் அதிகாரி தில்லைநாயகத்திடம், அலுவலகம் பெருக்கும் மரியபுஷ்பம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மதகு திறக்கிற எச்சரிக்கையை மலையாளத்திலயும் சொல்லணும் ஐயா. ஆத்தோரம் பூரா மலையாளக் குடும்பங்கதான்."

"இத்தனை வருஷம் இங்கே இருக்காங்க, தமிழ் தெரியாதா? உன் வேலையைப் பாரு!"

"தெரியும்தான். எதுக்கும் ஒரு ஒத்திகை வெச்சுப் பாருங்களேன். 'வெள்ளம் வருது'ன்னு சொன்னாலே போதும்."

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் அதிகாரியே முழங்கினார்.

"வெள்ளம் வருது! வெள்ளம் வருது!"

தமிழ்த் தெருக்காரர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். மலையாளப் பெண்களோ குடமும் வாளியுமாக ஆற்றங்கரைக் குழாய்க்கு இறங்கி ஓடினார்கள். முதல் ஆளாக ஓடியவள் அதிகாரி வீட்டுச் சமையற்காரி அம்மிணி. இடுப்பில் அவருடைய பித்தளைக் குடம்.

"ஏய், எங்கே ஓடுறே?"

"சார்தானே வெள்ளம் வருதுன்னு சொன்னது? குழாயில ரெண்டு நாளா ஒரு சொட்டு இல்லையே!"

"அவங்க பாஷையில வெள்ளம்னா தண்ணி, ஐயா," என்றாள் மரியபுஷ்பம், தரையைப் பார்த்தபடி.

"அப்போ நம்ம வெள்ளத்துக்கு?"

"வெள்ளப்பொக்கம்."

மதகு திறந்த அன்று ஆற்றோரத்தில் ஓர் ஆள்கூட இல்லை. எச்சரிக்கை இரண்டு மொழியிலும் போயிருந்தது. அந்த ஒரு சொல் அதிகாரியின் வாயில் சரியாக வரும்வரை அம்மிணி அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.